பாதையில் ஓடும் பொன்புள்ளி

அக்கா மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். ஜூன் விடுமுறையில் என்னோடு காட்டுப்பாதைகளில் நடக்க வந்தவன், ஒரு நாள் இரவு என் கைப்பேசியை வாங்கி இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினான்.

"மாமா, இது ரெண்டும் ஒரே பூச்சியா, வேற வேறயா?"

ஒன்று சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் அடிவாரத்தில் எடுத்தது. உடல் மயில்கழுத்துப் பச்சை, முதுகில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் புள்ளிகள். மற்றது மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் பக்கம், மேகம் மூடியிருந்த ஒரு காலையில் எடுத்தது. அதில் உடல் கருநீலம், புள்ளிகள் ஏறக்குறைய வெள்ளை. ஒன்றுதான் என்றேன். "அப்புறம் ஏன் கலர் வேற?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்து, "இது பொன்வண்டுடா" என்று முடித்துவிட்டார்.

பொன்வண்டு இல்லை. ஆனால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு, மின்னும் பச்சை வண்டு என்றால் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த பொன்வண்டுதான். அது சாது. இலையைக் கடித்துக்கொண்டு கிடக்கும், கையில் எடுத்தால் கையில் இருக்கும். இந்தப் படங்களில் இருப்பதைத் தீப்பெட்டிக்குள் போட முடியாது. முதலில் பிடிக்கவே முடியாது. இதன் பெயர் புலிவண்டு, அறிவியல் பெயர் காஸ்மோடெலா ஆருலென்டா. கொஞ்சம் பழைய நூல்களில் சிசின்டெலா ஆருலென்டா என்று இருக்கும். ஆருலென்டா என்றால் லத்தீன் மொழியில் பொன்னிறமானது என்று பொருள். ஆகவே அம்மா சொன்ன பெயரில் பாதி சரி.

வண்டு என்றதும் பூவைச் சுற்றும் தேன்வண்டை நினைப்பது நம் பாட்டுகள் பழக்கிவிட்ட பழக்கம். இந்த வண்டு பூவின் பக்கம் போவதில்லை. இறைச்சிதான் சாப்பாடு: எறும்பு, ஈ, சிலந்தி, சின்னப் புழுக்கள். தரையில் ஓடித் துரத்திப் பிடித்துக் கத்தரிக்கோல் போன்ற தாடைகளால் நசுக்கிச் சாறாக்கி விழுங்கும். புலி என்ற பெயர் அதற்காக வந்ததுதான். உடலில் வரிகள் எதுவும் இல்லை.

நீளம் ஒன்றரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். தலையின் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும் கண்கள். வாய்க்கு மேலே வெளிறிய ஓர் உதடு, அதன் அடியில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே மடங்கிய தாடைகள். கால்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம். நிற்கும்போது பொய்க்கால் மேல் ஏறி நிற்பதுபோல் தெரியும். தலையிலும் மார்பிலும் பச்சை, நீலம், செம்பு மூன்றும் கலந்து ஓடும். முதுகை மூடியிருக்கும் இரண்டு கெட்டியான மேலிறகுகளில் ஒவ்வொன்றிலும் மூன்று பெரிய புள்ளிகள் வரிசையாக இருக்கும், தோள்பட்டையில் மட்டும் ஒரு பொட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. தோள்பட்டைப் பொட்டு சிறியது, அவசரத்தில் பார்த்தால் ஆறுதான் எண்ணத் தோன்றும்.

சரி, நிறத்துக்கு வருவோம். பையன் கேட்டது அதைத்தானே.

இந்த வண்டின் பச்சையிலும் நீலத்திலும் சாயம் இல்லை. இலையின் பச்சைக்கு ஒரு நிறமி உண்டு, மருதாணிச் சிவப்புக்கு ஒரு நிறமி உண்டு. இங்கே அப்படி ஏதும் கிடையாது. மேல்தோலில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி மற்ற அடுக்கிலிருந்து திரும்பும் ஒளியோடு சேரும்போது, சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சில நிறங்கள் வலுக்கின்றன. சோப்புக் குமிழில் நிறம் தெரிவது இதே வழியில்தான். அடுக்கின் தடிமன் சற்று மாறினால் பச்சை இருந்த இடத்தில் நீலம் வரும், இன்னும் மாறினால் செம்பு வரும். பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் நகரும். கீழே கறுப்பு நிறமி ஒன்று இருந்து மிச்ச ஒளியைக் குடித்துவிடுவதால் மேலே எழும் நிறம் அவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1989இல் ஷுல்ட்ஸ், பெர்னார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சில புலிவண்டுகளின் முதுகை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். தூரத்திலிருந்து மங்கலான ஒரே நிறமாகத் தெரிந்த முதுகு, கிட்டே போனால் வேறு வேறு நிறமுள்ள நுண்ணிய குழிகளும் மேடுகளுமாகப் பிரிந்தது. நம் கண் அவற்றைக் கலந்து ஒரே நிறமாக்கிக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிராங்கூன் சாலைக் கடையில் மயில்கழுத்துச் சேலையை விரித்துக் காட்டும்போது, பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று விற்பவர் சொல்வார். துணியைத் தள்ளிப் பிடித்தால் ஒரு நிறம், மடித்தால் இன்னொரு நிறம். இரண்டு நூலும் சேர்ந்து செய்யும் வேலை அது.

ஆகவே ஒரே வண்டை நேர் வெயிலில் எடுத்த படமும் மேகமூட்டத்தில் எடுத்த படமும் இரண்டு வண்டுகள்போல் தெரிவதில் அதிசயம் இல்லை. கைப்பேசி தன் பங்குக்கு வண்ணத்தைக் கூட்டிக் குறைக்கும். பச்சையா நீலமா என்பதை வைத்து இனத்தை முடிவு செய்யாதே என்று பையனிடம் சொன்னேன்.

புள்ளிகளின் கதை வேறு. புள்ளி இருக்கும் இடத்தில் அந்தக் கறுப்பு நிறமி கிடையாது, அதனால் உலோகப் பளபளப்பும் கிடையாது. வெளிறிய தோல் அப்படியே தெரிகிறது. பால் வெள்ளையிலிருந்து மஞ்சள் வழியாக இளம் ஆரஞ்சு வரைக்கும் இந்த இனத்தில் பார்க்கலாம். அளவும் வண்டுக்கு வண்டு மாறும். நடுப்புள்ளி ஒன்றில் வட்டமாக இருக்கும், இன்னொன்றில் குறுக்கே இழுத்துவிட்டது போல் இருக்கும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த புதிதில் உடல் முழுவதுமே மென்மையாகவும் வெளிறியும் இருந்து பிறகுதான் கெட்டிப்படும்.

எதற்காகப் புள்ளி? ஓடும் வண்டின் உருவத்தை உடைத்துக் காட்டுவதற்கு என்பது ஒரு விளக்கம். சருகும் வெயில் பொட்டும் கிடக்கிற பாதையில் எட்டு வெளிர் புள்ளிகள் மட்டும் நகர்ந்தால், துரத்தும் பறவைக்கு வண்டின் ஓரம் எது என்று பிடிபடாது. வெப்பம் இன்னொரு விளக்கம். இந்தக் குடும்பத்து வண்டுகள் உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போதுதான் முழுச் சுறுசுறுப்போடு ஓடும். அதற்கு மேல் மிகவும் கூடிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கறுப்புப் பரப்பு வெயிலை உறிஞ்சும், வெள்ளைப் பரப்பு திருப்பி அனுப்பும். சுடுமணலில் வாழும் புலிவண்டு இனங்கள் பலவற்றில் வெள்ளை முதுகு முழுக்கப் பரவியிருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள். நீண்ட கால்களும் அதற்குத்தான் உதவுகின்றன; தரையை ஒட்டிய சூடான காற்றிலிருந்து வயிறு சில மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் அந்த நடையைப் பார்த்தால், மத்தியானத்தில் செருப்பில்லாமல் கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பறக்காத புலிவண்டு ஒன்று விநாடிக்கு 2.5 மீட்டர் ஓடியதாக அளந்திருக்கிறார்கள். மணிக்கு 9 கிலோமீட்டர், அதுவும் விரல்நுனி அளவு உயிர். நம்முடைய ஆருலென்டா ஓடுவதோடு பறக்கவும் செய்யும் என்பதால் அந்த அளவுக்கு ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆனால் ஓடும் விதம் ஒன்றுதான்: விர்ரென்று ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். குறி தவறிவிட்டதோ என்று தோன்றும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல் கில்பர்ட் என்பவர் 1990களில் இதற்கு விளக்கம் கண்டார். வேகமாக ஓடும்போது இரையின் உருவத்தைப் பிடிக்கத் தேவையான ஒளி அதன் கண்ணுக்குக் கிடைப்பதில்லை, எல்லாம் கலங்கிப்போகிறது. அதனால் நின்று, இரை எங்கே என்று மறுபடி பார்த்துக்கொண்டு ஓடுகிறது. கண் தெரியாமல் ஓடும் அந்த நொடியில் எதிலும் மோதாமல் இருக்க இரண்டு உணர்கொம்புகளையும் முன்னால் விறைப்பாக நீட்டிக்கொள்கிறது. இதுவும் பின்னால் அதே பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததுதான்.

இந்த ஓடி நிற்கும் வழக்கத்தால் கிழக்காசியாவில் இதற்கு அழகான பெயர்கள் உண்டு. நாம் கிட்டப் போனால் நாலைந்து மீட்டர் முன்னால் பறந்து போய்ப் பாதையிலேயே உட்காரும். மறுபடி போனால் மறுபடி முன்னால் போகும். வழிகாட்டிக்கொண்டே போவது போல் இருக்கும். ஜப்பானியர் இதை மிச்சி ஒஷியே என்கிறார்கள், வழி சொல்லித் தருவது என்று பொருள். சீனத்திலும் வழிகாட்டிப் பூச்சி என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. புலிவண்டு என்ற இரவல் பெயரைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் குடும்ப விவகாரம். புலிவண்டு தரைவண்டா இல்லையா என்பதில் அறிஞர்களுக்குள் நீண்ட காலமாகச் சண்டை. தரைவண்டுக் குடும்பம், அறிவியல் பெயரில் கராபிடே, 40,000 இனங்கள் வரை உள்ள பெரிய குடும்பம். பெரும்பாலானவை கறுப்பு, இரவில் சருகுக்கடியில் திரிபவை, இரையைத் தேடித் தின்பவை. இரண்டு தரப்புக்கும் வயிற்று நுனியில் எதிரியை விரட்டும் சுரப்பிகள் உண்டு. அவற்றிலிருந்து, தரைவண்டுகளில் ஒன்றான பாம்பார்டியர் வண்டு கொதிக்கும் நீர்மத்தைப் பீய்ச்சும். புலிவண்டுகள் பலவற்றிலிருந்து வருவதோ பாதாம் எசன்ஸ் வாசனை. இந்த ஒற்றுமைகளால் பல பத்தாண்டுகளாகப் புலிவண்டுகளைத் தரைவண்டுக் குடும்பத்தின் ஒரு கிளையாகவே வைத்திருந்தார்கள். 2020இல் மரபணுச் சான்றுகளை வைத்து, இல்லை, இவை பக்கத்து வீட்டுத் தனிக்குடும்பம், சிசின்டெலிடே என்று மறுபடி பிரித்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பாகப்பிரிவினை என்றால் அப்படித்தான்.

ஆருலென்டாவுக்கு இந்தப் பெயரை வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோகன் கிறிஸ்டியன் ஃபேப்ரீஷியஸ், உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். ஆண்டு 1801. வண்டுகளைப் பற்றி அந்த ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் உலகம் முழுவதிலுமிருந்தும் வந்த வண்டுகள் இருக்கின்றன. அவர் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பிடிக்கவில்லை, மற்றவர்கள் அனுப்பினார்கள். கிழக்கிலிருந்து அவருக்கு நிறையப் பூச்சிகளை அனுப்பியவர்களில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் இராணுவ அதிகாரி முக்கியமானவர். அவர் பணியாற்றிய இடம் தரங்கம்பாடி. ஆமாம், நம் மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரைத் தரங்கம்பாடிதான். 1791இல் அங்கே ஒரு மீன் பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதி ஐரோப்பியர்களை வாய்பிளக்க வைத்தவரும் இவரே. நம் ஆட்கள் அதைப் பனையேறிக் கெண்டை என்று அதற்கு முன்பே பேர் வைத்துக் குழம்பும் வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஃபேப்ரீஷியஸ் காலத்தில் உலகத்துப் புலிவண்டுகளில் பெரும்பகுதி சிசின்டெலா என்ற ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரிவாலியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கூட்டத்தைப் பிரித்தார். நிறத்தையும் புள்ளியையும் அவர் நம்பவில்லை. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் உள்ளமைப்பை வைத்துப் பிரித்தார். அப்படிப் பிறந்ததுதான் காஸ்மோடெலா. இன்றும் சந்தேகம் வந்தால் நிபுணர்கள் அங்கேதான் பார்க்கிறார்கள். பையனின் கேள்விக்கு ரிவாலியே சொல்லியிருக்கக்கூடிய பதில், முதுகைப் பார்த்து முடிவு செய்யாதே என்பதுதான்.

பரவலை வரைபடத்தில் போட்டால் சுவாரசியமாக இருக்கும். ஒரு காலத்தில் ஆருலென்டா என்ற பெயரின்கீழ் நேபாளத்து மலையடிவாரத்திலிருந்து வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனா, தாய்லாந்து, வியட்நாம் வழியாக இறங்கி மலாயா, சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ, ஜாவா வரைக்கும் வாழும் வண்டுகள் அனைத்தும் அடங்கியிருந்தன. தைவானில் வாழ்வதையும் இதில்தான் சேர்த்திருந்தார்கள். இவ்வளவு நீளமான நிலப்பரப்பில் ஒரே வண்டு ஒரே மாதிரி இருக்குமா? தமிழ்கூட மதுரையில் ஒரு மாதிரி, யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரி, நம் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மாதிரி. தைவான் வண்டுக்கு ஃப்ளூடியோ என்பவர் 1890களில் பேட்டேசி என்று பெயர் வைத்தார். அது துணையினமாக ஒட்டியும் விலகியும் இருந்து, இப்போது தனி இனமாக நிற்கிறது. 1989இல் அச்சவாட்டி, பியர்சன் இருவரும் இந்தியத் துணைக்கண்டப் புலிவண்டுகளை ஆராய்ந்தபோது, வடக்கத்தி ஆருலென்டாவுக்கு ஜக்ஸ்டாட்டா என்ற துணையினப் பெயரைக் கொடுத்தார்கள். அதையும் தனி இனமாகக் கருதுகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி பெயருக்கு உரிய அசல் ஆருலென்டா தெற்கத்திக்காரன்: மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ, ஜாவா.

இந்த இடத்தில் சிலருக்குக் கேள்வி வரும், ஊரில் வயல் வரப்பில் இதுபோல் ஒன்றைப் பார்த்திருக்கிறோமே என்று. பார்த்திருப்பீர்கள். தென்னிந்திய நெல்வயல்களில் ஓடுவது கலோக்ரோவா செக்ஸ்பங்டாட்டா, ஆறு புள்ளி உள்ள இன்னொரு புலிவண்டு. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பதால் உழவனுக்கு நண்பன். உடல் அதிகம் மின்னாது. புள்ளிகளை மட்டும் பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். ஆருலென்டா தமிழ்நாட்டில் கிடையாது.

சிங்கப்பூருக்குள் இது எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காட்டு வண்டு என்று நினைத்துக் காட்டின் நடுவில் போய்த் தேடினால் கிடைக்காது. சருகு மூடிய, வெயில் நுழையாத தரை இதற்கு ஆகாது. ஓடுவதற்குத் திறந்த மண் வேண்டும், சூடேறுவதற்கு வெயில் வேண்டும், குட்டிகள் வளர்வதற்குக் கிளறப்படாத மண்ணும் வேண்டும். ஆதியில் ஆற்றங்கரையும், சரிந்த மண்மேடும், பெரிய மரம் விழுந்து திறந்த இடமும் இதைத் தந்திருக்கும். இன்று தருவது நாம் நடக்கும் பாதை. புக்கிட் தீமா, மெக்ரிச்சி, கீழ்ப் பியர்ஸ் என்று இதைப் பார்த்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். நான் குறித்த புள்ளிகள் காட்டைக் காட்டவில்லை, காட்டின் ஊடே போகும் மண்பாதைகளைக் கோடு போட்டாற்போல் காட்டின. நாம் காட்டுக்குள் விருந்தாளிகளாகப் போகிறோம் என்று சொல்வது வழக்கம். இந்த வண்டைப் பொறுத்தவரை நம் செருப்பு தேய்த்த தடம்தான் அதன் வீடு.

இதே போன்ற ஒன்றை 170 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒருவர் கவனித்தார். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் சிங்கப்பூர் வந்து புக்கிட் தீமாவில் தங்கினார். இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்ததாக எழுதியிருக்கிறார். அவற்றில் 130 நீளக்கொம்பு வண்டுகள். ஏறக்குறைய எல்லாம் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில் கிடைத்தவை. அந்த வளத்துக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே வேலை செய்த சீன மரம்வெட்டிகள். அவர்கள் வெட்டிப்போட்ட கட்டையும் பட்டையும் மரத்தூளும் பல ஆண்டுகளாக வண்டுகளுக்கு விருந்தாகியிருந்தன. கன்னிக்காடு மட்டும் இருந்திருந்தால் அவருக்கு அத்தனை வண்டு கிடைத்திருக்காது. அவர் எழுதியதில் இன்னொன்றும் உண்டு: வண்டு தேடிப் போகும்போது புலிக்குத் தோண்டிய குழியில் விழுந்துவிடுவோமோ என்ற பயம். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் நிஜப் புலிகள் திரிந்தன. கடைசிப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. அதன்பிறகு இத்தீவில் புலி என்ற பெயரோடு தரையில் வேட்டையாடுவது இந்த வண்டினம்தான். (டைகர் பீர் பாட்டிலைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

வாலஸுக்கு ஒரு நண்பர், ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848இல் இருவரும் ஒன்றாக அமேசானுக்குப் போனவர்கள். தைவான் வண்டின் பேட்டேசி என்ற பெயர் அந்த பேட்ஸின் நினைவாக வைத்ததாகத்தான் தோன்றுகிறது. ஒருவர் தென்கிழக்காசியாவில் வண்டு பிடித்தார், மற்றவர் பெயர் வண்டோடு ஒட்டிக்கொண்டது.

சிங்கப்பூர் அதன் ஆதிக் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிட்டது. புக்கிட் தீமா வனப்பகுதி சுமார் 163 ஹெக்டர்தான். காட்டின் ஆழத்தை நம்பி வாழ்ந்த உயிர்கள் பல போய்விட்டன. காட்டோரத்தையும் பாதையையும் நம்பிய ஆருலென்டா நிற்கிறது. உலகின் பல இடங்களில், ஓர் இடத்தில் எத்தனை வகைப் புலிவண்டு இருக்கின்றன என்பதை வைத்து அந்த இடத்தின் மற்ற உயிர்வளத்தை மதிப்பிடலாம் என்று பியர்சனும் இத்தாலியரான கசோலாவும் 1992இல் காட்டினார்கள். அது வகைகளின் எண்ணிக்கையைப் பற்றியது. ஆருலென்டா ஒன்று மட்டும் ஓடுவதைப் பார்த்துக் காடு நலம் என்று எழுதிவிடக் கூடாது. பாதை நலம் என்று வேண்டுமானால் எழுதலாம்.

பாதை நலம் என்றால் என்ன? அதற்குக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பெண் வண்டு மண்ணில் ஒவ்வொரு முட்டையாக இடும். பொரித்த புழு நேர்க்குத்தாக ஒரு குழி தோண்டி, வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருக்கும். மூன்று தடவை வளர்ந்து தோலுரிக்கும்போது குழியும் ஆழமாகும். அதன் தலை தட்டையானது, மூடிபோல் குழியின் வாயை அடைத்துக்கொள்ளும். ஓர் எறும்பு மேலே நடந்தால் போதும், உடலைப் பின்பக்கமாக வீசிக் கவ்வி உள்ளே இழுத்துவிடும். இரை திமிறினால் தன்னையும் வெளியே இழுத்துவிடாமல் இருக்க, முதுகில் ஒரு திமிலும் அதில் கொக்கிகளும் உண்டு. குழிச் சுவரில் நங்கூரம் போல் மாட்டிக்கொள்ளும். பெரிய வண்டு ஓடிப் பிடிக்கும், குட்டி உட்கார்ந்து பிடிக்கும். அம்மா ஓட்டப் பந்தயம், பிள்ளை தூண்டில்.

இந்தக் குழிகள் பென்சில் நுழைகிற அளவில், ஓரம் வழவழப்பாக, வட்டமாக இருக்கும். எறும்புப் புற்றுக்கு வாயைச் சுற்றி மண் குவிந்திருக்கும். இதற்கு அப்படி இருக்காது, புழு மண்ணைத் தூர எறிந்துவிடும். பாதையின் நட்டநடுவில் அல்ல, கால் அதிகம் படாத ஓரத்தில், மழை அரித்து இறுகிய மண்ணில் தேடிப் பாருங்கள். குழியில் எதையும் விட்டுக் கிளறாதீர்கள். இயற்கை வனப்பகுதிகளில் வண்டைப் பிடிப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம், படம் எடுத்தால் போதும்.

நம் நகரத்தின் குணம் மண்ணை மூடுவது. சேறாகிறது என்றால் சரளை போடுவோம், வழுக்குகிறது என்றால் சிமெண்ட், மிச்ச இடத்தில் புல். நடப்பவருக்கு நல்லதுதான், என் அம்மா புக்கிட் தீமா உச்சிக்கு ஏறியது தார்ச் சாலை இருந்ததால்தான். ஆனால் மூடிய மண்ணில் முட்டையிட முடியாது. ஓரத்தில் ஓரடி மண்ணை வெறுமனே விட்டால் போதும். அதைச் செய்வதற்குப் பணம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். துப்புரவையே பார்க்கும் கண்ணுக்கு வெறும் மண் என்பது முடிக்காத வேலையாகத் தெரியும்.

பையனின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. இரண்டு படத்திலும் புள்ளிகளை எண்ணி அட்டவணை போட வேண்டும் என்றான். பகலில் இது நடக்காது. நாலு மீட்டருக்குள் போனால் பறந்துவிடுகிறது. பின்னாலேயே போனால் வழிகாட்டிக்கொண்டு போகிறதே தவிர நிற்பதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை துரத்திவிட்டு எனக்கு முழங்கால் வலி.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இது பகல்வண்டு, இரவில் தூங்கும். தரையில் தூங்கினால் எறும்புக்கு இரையாகிவிடும் என்பதால், பொழுது சாய்ந்ததும் தாழ்வான செடியில் ஏறி இலையிலோ குச்சியிலோ பற்றிக்கொண்டு கிடக்கும். வனப்பகுதிகள் இரவு 7 மணிக்கு மூடிவிடும். ஆனால் 2011இல் ரயில் நின்றுபோன பழைய ரயில் பாதை நடப்பதற்கு இரவிலும் திறந்திருக்கிறது. டார்ச் லைட்டும் கொசு மருந்துமாக மூன்று பேரும் போனோம். பாட்டியும் வருவேன் என்று கிளம்பிவிட்டார்.

அரைமணி நேரம் சும்மா நடந்தோம். முதலில் கண்டது பாட்டிதான். இடுப்பு உயரத்தில் ஒரு புல் தாளின் நுனியில், நீண்ட கால்களை மடித்துக்கொண்டு, அசையாமல் தொங்கியது. டார்ச் வெளிச்சத்தில் உடல் பச்சையும் இல்லை நீலமும் இல்லை, ஊதா. புள்ளிகள் வெண்ணெய் நிறம். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒரு பக்கம் மூன்று. டார்ச்சைச் சாய்த்ததும் தோளில் ஒரு கடுகளவு பொட்டு தெரிந்தது.

"நாலு, மாமா. மறுபக்கமும் நாலு."

பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "இது பொன்வண்டு இல்லடா" என்றார்.